திருச்சிக்கு வந்த பிறகு: நாலு படுக்கையறை மாடி வீடா, ரெண்டு படுக்கையறைத் தரை வீடா?

"மடிப்பாக்கம் ஃபிளாட்டை வித்த காசுக்குத் திருச்சியில பங்களாவே வாங்கலாமே!" 2022-ல் நாங்கள் சென்னையை விட்டுக் கிளம்பியபோது இதைச் சொல்லாதவர்கள் குறைவு. 870 சதுர அடியில் பதினோரு வருடம் புழங்கியவர்களுக்கு இந்தப் பேச்சு எவ்வளவு சுகமாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன மாதம் தாம்பரத்திலிருந்து இதே மாதிரி கிளம்பத் தயாராகும் தோழி ஒருத்தி ஒரு மாடி வீட்டின் வரைபடத்தை அனுப்பி, "இதை முடிச்சிடலாமா?" என்று கேட்டாள். அவளுக்குப் போனில் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் சின்ன வீட்டைத்தான் வாங்கினோம், நான் அந்தப் பக்கம் சாய்ந்தவள். ஆனால் பெரிய வீட்டைத் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் பேசவில்லை. அதில் 14 மாதம் வாடகைக்கு இருந்திருக்கிறேன், கடைசியில் அதே வீட்டை எங்களுக்கே விலைக்குத் தருவதாகவும் சொன்னார்கள். இரண்டு வீட்டின் கணக்கும் என் நோட்டில் இருக்கிறது.

பெரியது திருச்சி கே.கே. நகர் பக்கம். 1,850 சதுர அடி மனையில் 2,250 சதுர அடிக் கட்டடம். கீழே ஒரு படுக்கையறை, மேலே மூன்று, நாலு குளியலறை, ஹாலுக்குள்ளேயே ஏறும் மாடிப்படி. வாடகை 24,000. மடிப்பாக்கத்தில் அந்த வாடகைக்கு ரெண்டு படுக்கையறைதான் கிடைத்திருக்கும். விலைக்கு 92 லட்சம் சொன்னார்கள். சின்னது வயலூர் ரோடு பக்கம். 1,800 சதுர அடி, அதாவது நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் 1,040 சதுர அடியில் ஒரே தளம். ரெண்டு படுக்கையறை, ரெண்டு குளியலறை, முன்னால் சின்னத் திண்ணை, பின்னால் ஒரு முருங்கை. 70 லட்சத்துக்கு முடிந்தது. மனை அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மனைக்கான விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதல் 22 லட்சம் முழுக்கக் கட்டடத்துக்காக.

வீட்டில் யார் யார் என்பதையும் சொன்னால்தான் கணக்கு புரியும். நான், கணவர், அப்போது ஏழாம் வகுப்பு படித்த மகள், முழங்கால் வலியோடு இருக்கும் அத்தை. அத்தைக்கு லால்குடிதான் சொந்த ஊர். அதனால் திருச்சி என்றதும் எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம். நான் சென்னைக் கம்பெனிக்கே வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்க்கிறேன். கணவர் மாதம் இரண்டு முறை சென்னை போய் வருகிறார். 2023 செப்டம்பரில் திருநெல்வேலி வந்தே பாரத் வந்த பிறகு அவருக்கு அது ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். சென்னையை விடலாமா, திருச்சியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையெல்லாம் நான் பேசப் போவதில்லை. வருவது என்று முடிவெடுத்தவர்கள் எந்த அளவு வீட்டைப் பிடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

விலைக் கணக்கு எளிது. மடிப்பாக்கம் ஃபிளாட் 61 லட்சத்துக்குப் போனது. சின்ன வீட்டுக்குப் பத்திரச் செலவு, சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து 15 லட்சம் கடன் வாங்கினோம். பெரியதை எடுத்திருந்தால் அதற்கு மேல் இன்னும் 22 லட்சம். எட்டரை சதவீத வட்டி, பதினைந்து வருடம் என்று வைத்தால் அந்த 22 லட்சத்துக்கு மட்டும் மாதம் 21,500 ரூபாய்க்கு மேல் தவணை வரும். செலவு குறையும் என்றுதானே ஊர் மாறினோம்? அந்த மிச்சத்தை அப்படியே கொண்டுபோய் மாடியில் மூன்று அறைக்குக் கொடுப்பதா என்பதுதான் முதல் கேள்வி. பத்திரச் செலவும் விலையோடு ஏறும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது, கூடவே அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு ஏறியது. ஆக மொத்தம் 9 சதவீதம். சொத்து வரியிலும் அளவுக்கு ஒரு விலை இருக்கிறது. 2022-ல் வரியை உயர்த்தியபோது சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 601 முதல் 1,200 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 50 சதவீதம் ஏற்றினார்கள், 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம். எங்கள் இரண்டு வீடுகளும் சரியாக அந்த இரண்டு படிகளில் விழுகின்றன.

இதெல்லாம் வாங்கும்போதே காகிதத்தில் தெரிந்துவிடும். யாரும் எழுதித் தராத செலவு ஒன்று இருக்கிறது, அது பராமரிப்பு. எங்கள் முடிவை மாற்றியது அதுதான். அதனால் இனி அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

குடிபோன முதல் வாரம் வீட்டு வேலைக்கு ஓர் அக்காவைப் பேசினோம். கீழே கூட்டித் துடைக்க, பாத்திரம் கழுவ 2,000 ரூபாய் என்று பேசி முடித்தாயிற்று. கிளம்பும்போது மாடிப்படியடியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தவர், "மாடி தனிக் கணக்கும்மா. படியும் துடைக்கணும்ல" என்றார். மேலே வாரம் இரண்டு நாளைக்கு 1,500 ரூபாய். நியாயமான கூலிதான். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுப் படி ஏறுகிற வேலை அது. மூன்று மாதம் கழித்து அவருக்கும் முழங்கால் வலி வந்து மாடியை விட்டுவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமை காலை என்பது எனக்கும் கணவருக்கும் மாடி சுத்தம் செய்யும் நேரமாகிவிட்டது. ஒட்டடை, ஜன்னல் கம்பி, மின்விசிறி, குளியலறை, கடைசியாகப் படி என்று முடிக்க மூன்று மணி நேரம். இத்தனைக்கும் மேலே ஒரே ஓர் அறையில்தான் ஆள் படுத்திருந்தோம்.

ஆள் புழங்காத அறை அழுக்காகாது என்று நினைத்திருந்தேன். அது தவறு. திருச்சியில் ஆனி, ஆடிக் காற்று அடிக்கும்போது மூடின ஜன்னல் இடுக்கு வழியாகவே புழுதி வந்து படியும். பத்து நாள் பூட்டிவைத்த அறையைத் திறந்தால் மெத்தைமேல் விரல் வைத்த இடம் தடமாகத் தெரியும். அதைவிட, புழங்காத குளியலறை இன்னும் மோசம். தரையில் இருக்கிற வடிகால் குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதுதான் சாக்கடை வாடையை மேலே வரவிடாமல் தடுப்பது. யாரும் குளிக்காவிட்டால் அந்தத் தண்ணீர் கோடையில் காய்ந்துவிடுகிறது. அப்புறம் வாடையும் வரும், கரப்பானும் வரும். இது தெரியாமல் ஒரு மாதம் ஃபினாயிலாக ஊற்றித் தள்ளினேன். ஒரு பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு மக்கு தண்ணி ஊத்துங்கக்கா, போதும்" என்றார். போதும்தான். ஆனால் யாரும் உபயோகிக்காத இரண்டு குளியலறைக்கு ஞாயிறுதோறும் தண்ணீர் ஊற்றுவது என் வேலைப் பட்டியலில் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் அந்த வீட்டில் இருந்த குழாய்களை எண்ணினேன். 23. ஜன்னல்கள் 19, மின்விசிறிகள் 14. அந்த வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு கலந்தது. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து, ஆறு மாதத்தில் ஒழுக ஆரம்பித்துவிடும். ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொள்ளும். 23 குழாயில் எப்போதும் ஒன்றிரண்டு ஒழுகிக்கொண்டேதான் இருந்தன. இப்போது இருக்கிற வீட்டில் குழாய் 10, ஜன்னல் 9, மின்விசிறி 6. வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சதுர அடியைத் தரகர் சொல்வார், குழாயையும் ஜன்னலையும் நீங்கள் எண்ணுங்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். வீட்டை விற்க நினைத்தபோது, "பெயின்ட் அடிச்சிடலாம், நீங்களே கூட இருந்து பாத்துக்குங்க" என்று எங்களிடமே ஒப்படைத்தார். பணம் அவருடையது, கணக்கு எழுதியது நான். உள்சுவர்ப் பரப்பு எவ்வளவு வரும் என்பதற்குப் பெயின்டர்கள் ஒரு குத்துமதிப்புக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கூரையோடு சேர்த்து, வீட்டின் தரைப் பரப்பைப்போல மூன்று அல்லது மூன்றேகால் மடங்கு. அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 7,000 சதுர அடி வந்தது. பட்டி பார்க்காமல், விரிசலை மட்டும் அடைத்து, இரண்டு கோட் எமல்ஷன் அடிக்கச் சதுர அடிக்கு 16 ரூபாய். உள்ளே மட்டும் 1,12,000. அதே ஆட்கள் பிறகு எங்கள் சின்ன வீட்டுக்கும் வந்தார்கள், அதே விலை. 3,300 சதுர அடி, 53,000-க்குள் முடிந்தது.

இரண்டு மடங்கு வீட்டுக்கு இரண்டு மடங்கு செலவு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உள்ளே அப்படித்தான். வெளிச்சுவரில்தான் கணக்கு தப்பும். தரை வீட்டின் வெளிச்சுவரை ஏணி போட்டு இரண்டு பேர் முடித்துவிட்டார்கள். மாடி வீட்டுக்குச் சாரம் கட்ட வேண்டியிருந்தது. கம்புக்கு வாடகை, கட்ட ஒரு நாள், பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி கட்ட ஒரு நாள், அவிழ்க்க ஒரு நாள். உள்ளே மாடிப்படிக்கு மேலே இருபதடி உயரத்தில் ஒரு சுவர் உண்டு. அதற்கு நிற்க இடமே கிடையாது. படியில் ஒரு கால், பலகையில் ஒரு கால் வைத்து, ஒருவர் கீழிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ரோலரை நீட்டி அடித்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு கலங்கியது. அந்த ஒரு சுவரில் ஒட்டடை அடிக்கவே நாங்கள் 14 மாதமும் நீளக் கம்பு தேடியிருக்கிறோம். மொத்தம் 17 நாள் வேலை. சின்ன வீடு ஆறு நாளில் முடிந்தது. அந்த ஆறு நாளும் சமையல் நிற்கவில்லை, மகள் பள்ளிக்குப் போய் வந்தாள்.

ஒன்றைப் பெரிய வீட்டுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டும். மொட்டை மாடி விஷயத்தில் அது அதிகச் செலவு வைக்காது. 2,250 சதுர அடி மாடி வீட்டுக்கும் 1,040 சதுர அடித் தரை வீட்டுக்கும் கூரை ஏறக்குறைய ஒரே அளவுதான். மழைநீர்க் குழாயில் வேப்பிலை அடைத்து ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் ஓதம் இரண்டு வீட்டிலும்தான் இறங்கும். பெரிய வீட்டில் மேலே ஆள் புழங்காத ஓர் அறையில் வட்டம் வட்டமாகக் கறை விழுந்தது. ஆனால் அந்த அறை பூட்டிக் கிடந்ததால் இரண்டு வாரம் யாரும் கவனிக்கவே இல்லை. இங்கே என் தலைக்கு நேர்மேலே சொட்டினால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் பெரிய வீட்டின் பக்கம்தான், இதை மறைக்கக் கூடாது. வெயில். கத்திரி நாட்களில் அந்த வீட்டின் கீழ்த்தளம் எவ்வளவு குளுமையாக இருந்தது என்பதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். மேலே ஒரு தளம் முழுக்க குடையாக நிற்கிறதே. தரை வீட்டில் எல்லா அறையும் மொட்டை மாடிக்கு அடியில்தான். 2024 மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு ஹால் சுவரைத் தொட்டால் சுட்டது. அத்தை ஈரத் துணியை விரித்து அதில் படுத்தார். அந்த வருடம் சுண்ணாம்பில் பசை கலந்து மாடியில் அடித்துப் பார்த்தோம், ஒரு மழையோடு பாதி போயிற்று. அப்புறம் வெள்ளைக் கூல் டைல்ஸ் பதித்தோம், ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது. இப்போது பரவாயில்லை, ஆனாலும் பழைய கீழ்த்தளக் குளுமை இல்லை. தரை வீடு வாங்குகிறவர்கள் இந்தச் செலவை முதலிலேயே விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கரண்ட் பில்லில் தரை வீடுதான் ஜெயித்தது. பெரிய வீட்டில் ஆளுக்கொரு தளத்தில் இருந்ததால் மூன்று ஏ.சி. ஓடியது. கோடையில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். 500-க்குள் இருக்கிறவர்களுக்கு உள்ள சலுகை விலை அதற்குப் பிறகு கிடையாது, கூடுதல் யூனிட்டுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். இங்கே அறைகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் இரண்டு ஏ.சி. போதும், பெரும்பாலும் 500-க்குள் நின்றுவிடுகிறது. சோலார் போட்டால் இந்த வித்தியாசம் குறையலாம். மத்திய அரசின் சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, எதிர்வீட்டில் போட்டிருக்கிறார்கள். நாங்கள் இன்னும் போடவில்லை, அதனால் அதைப் பற்றி அழுத்திச் சொல்லமாட்டேன்.

"சொந்தக்காரங்க வந்தா எங்க படுப்பாங்க?" பெரிய வீட்டுக்காக எல்லாரும் வைக்கிற வாதம் இதுதான். அதனால் நோட்டில் அதையும் குறித்து வந்தேன். 14 மாதத்தில் மேலே இருந்த இரண்டு விருந்தாளி அறைகளில் ஆள் படுத்த இரவுகள் 19. அதில் ஐந்து இரவு வைகுண்ட ஏகாதசியை ஒட்டி வந்தவை. அத்தை வீட்டு ஆட்கள் ஸ்ரீரங்கத்துக்குச் சொர்க்கவாசல் பார்க்க வராமல் இருக்கமாட்டார்கள். 2023 ஜனவரி 2-ல் ஏகாதசி வந்தபோது மாடி வீட்டில் இருந்தோம், எல்லாரும் மேலே படுத்துக்கொண்டார்கள், வசதியாகத்தான் இருந்தது. அதே வருடம் டிசம்பர் 23-ல் மறுபடி ஏகாதசி வந்தது. அப்போது தரை வீடு. வந்தவர்கள் ஒன்பது பேர்.

ஹாலில் சோபாவைச் சுவரோரம் நகர்த்திவிட்டுப் பாய் விரித்தோம். அத்தையும் அவருடைய அக்காவும் நடுவில் படுத்துக்கொண்டு, லால்குடியில் சின்ன வயதில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போன கதையை விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மகள் அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் புகுந்து படுத்துக்கொண்டாள். மாடி வீட்டில் இந்தப் பேச்சு எங்கள் காதில் விழுந்ததில்லை. ஆனால் பின்னிரவு ஒன்றரை மணிக்கு எழுந்து எல்லாரும் குளித்துக் கிளம்ப வேண்டும் என்றபோதுதான் சிக்கல். இரண்டு குளியலறை, பதின்மூன்று பேர். பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் துணி கட்டி மறைத்து இரண்டு பேர் குளிரில் குளித்தார்கள். பொங்கல் கழித்து முருங்கைக்குப் பக்கத்தில் ஒரு குளியலறையும் கழிப்பறையும் சேர்த்து வெளியே கட்டிவிட்டோம். விருந்தாளிக்காக வீட்டைப் பெரிதாக்க நினைக்கிறவர்கள், படுக்கையறைக்குப் பதில் ஒரு கழிப்பறையைச் சேர்த்தால் போதும் என்பது இந்த அனுபவத்தில் தெரிந்தது. படுக்க எங்கேயும் படுக்கலாம்.

பெரிய வீட்டில் என்னை அதிகம் உறுத்தியது அத்தையின் நிலைதான். கீழே இருந்த ஒரே அறை அவருக்கு. நாங்கள் மூவரும் மேலே. ராத்திரி அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் கூப்பிட்டால் கேட்காது, போன் அடிக்க வேண்டும். ஒருமுறை காய்ச்சலில் போன் எங்கே என்று தெரியாமல் விடியும்வரை அப்படியே படுத்திருந்தார். காலையில் "உங்கள ஏன் எழுப்பணும்னு இருந்துட்டேன்மா" என்றார். அன்று மத்தியானம்தான் நானும் கணவரும் வேறு வீடு பார்க்க ஆரம்பித்தோம். ஆடி பிறப்பதற்குள் மாறிவிட வேண்டும் என்று அத்தை சொல்ல, 2023 ஆனிக் கடைசியில் பால் காய்ச்சினோம். இங்கே அவர் இருமினால் என் அறையில் கேட்கிறது.

யாருக்குப் பெரிய வீடு சரிப்படும்? வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் இரண்டு பேர் இருந்தால் ரெண்டு படுக்கையறை நெருக்கும். நான் ஒருத்தி பேசினாலே மகள் பாடம் படிக்க வெளித் திண்ணைக்குப் போகிறாள். அண்ணன் தம்பி சேர்ந்து இருக்கிற குடும்பமாக இருந்தாலும் மாடி வேண்டும். வாடகைக்கு விடுகிற எண்ணம் இருந்தாலும் வேண்டும், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மாடிப்படி வெளியே இருக்க வேண்டும். ஹாலுக்குள்ளிருந்து ஏறும் படி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த வீட்டைப் பிரித்து ஒரு தளத்தை விட முடியாது. வெளிப்படி இருந்தால் பிள்ளைகள் வெளியூர் போன பிறகு மேலே ஒரு குடித்தனம் வைக்கலாம், அவர்கள் தரும் வாடகையிலேயே பெயின்ட் செலவு ஓடிவிடும். தோழி அனுப்பிய வரைபடத்தில் நான் முதலில் பார்த்தது படியைத்தான். ஹாலுக்குள் இருந்தது.

மறுவிற்பனை பற்றிக் கேட்டாள். நான் திருச்சியில் வீடு வாங்கியிருக்கிறேனே தவிர விற்றதில்லை, அதனால் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். நாங்கள் இருந்த அந்த மாடி வீடு 92 லட்சத்துக்கு ஒன்றரை வருடம் பலகை தொங்கிவிட்டு, கடைசியில் 84-க்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அந்த அளவு பணம் கையில் இருக்கிறவர்கள் பலபேர் சொந்தமாக மனை வாங்கித் தங்கள் வாஸ்துப்படி கட்டிக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள். 60, 70 லட்சத்தில் இருக்கிற வீட்டுக்கு ரிட்டயர் ஆகி வருகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தேடுகிறவர்கள் என்று கேட்டு வரும் ஆள் அதிகம். எங்கள் தெருவில் ஒரு தரை வீடு பலகை வைக்காமலேயே போனது. ஆனால் 2025-ல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்த பிறகு அந்தப் பக்கத்துப் பேச்சே மாறியிருக்கிறது, இன்றைக்கு அதே மாடி வீட்டுக்கு என்ன சொல்வார்களோ. எந்த வீடாக இருந்தாலும் வருடா வருடம் ஏறுவது மண்ணின் விலை, கட்டடம் பழசாகிக்கொண்டுதான் போகும். பணத்தில் பெரும்பங்கு மனையில் இருப்பதுதான் எனக்கு நிம்மதி.

மனை என்றதும் ஒன்று. பெரிய வீடோ சின்ன வீடோ, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் வக்கீல் பார்ப்பார். 2005 நவம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று மட்டும் நீங்களே கேளுங்கள். கோரையாறும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் நிரம்பினால் எங்கே ஏறும் என்பது பத்திரத்தில் இருக்காது, தெருமுனைப் பெட்டிக்கடைப் பெரியவருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு ஒருவர் மதில் சுவரில் கை வைத்து உயரத்தையே காட்டினார். அந்த வீட்டை விட்டுவிட்டுத்தான் இப்போதைய வீட்டுக்கு வந்தோம்.

சின்னதை வாங்கினால் பிறகு நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று தோழி திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். மொட்டை மாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கிறதா, அஸ்திவாரம் இன்னொரு தளம் தாங்கும்படி போட்டதா என்று கட்டிய மேஸ்திரியிடம் கேட்க வேண்டும். அனுமதியும் இப்போது எளிதாகிவிட்டது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. தேவை வரும்போது ஓர் அறை சேர்த்துக்கொள்ளலாம். மாடி வீட்டில் வேண்டாத அறையை என்ன செய்வது? பூட்டித்தான் வைக்க வேண்டும், பூட்டின அறையையும் துடைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அந்தத் தேவை எங்களுக்கே இப்போது வந்திருக்கிறது. மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், தனியாக ஓர் அறை வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம். மாடியில் 12-க்கு 12 ஓர் அறையும் ஒரு குளியலறையும் போடலாம் என்று பேசியிருக்கிறோம், மிச்ச இடம் வடாம் காயவைக்க அத்தைக்கு. வரும் ஞாயிறு பொறியாளர் வந்து தூணைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். படியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் எங்களுக்குள் சந்தேகம் இல்லை. முருங்கையை வெட்டாமல், பின்பக்கம், வெளியே.